மனாங் பாசிங்கின் ஒன்பது பானைகள்

பிலிப்பைன்ஸின் கமிகின் தீவுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் விடியற்காலையில் மணல்திட்டுக்குப் படகில் போய்வந்து, பதினொரு மணிவாக்கில் உப்பும் பசியுமாக எங்கள் வேனில் ஏறுவார்கள். அவர்களை ஊற்றுக்குளத்துக்கு அழைத்துப் போவது என் வேலை. தண்ணீரில் கால் வைக்கும் முன்பே பாதிப்பேர் மனாங் பாசிங்கின் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விடுவார்கள்.

பசிலிசா என்பது முழுப்பெயர். எங்களுக்கெல்லாம் மூத்தவர் என்பதால் மனாங். குளத்தங்கரையில் ஒரு தகரக்கூரை, நான்கு நீள மேசைகள், ஒன்பது அலுமினியப் பானைகள். கடை அவ்வளவுதான். என்ன இருக்கிறது என்று எழுதி மாட்டும் வழக்கமில்லை. வருகிறவர் வரிசையாக நடந்து, ஒவ்வொரு மூடியாகத் தூக்கி, எட்டிப் பார்த்து, முகர்ந்து, பிடித்ததை விரலால் காட்டுவார். வீட்டிலிருந்து சோறு கட்டிவந்த குடும்பங்களுக்கும் அங்கே இடமுண்டு.

அவர் கணவர் மணிலாவில் கப்பல் வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். அப்போது மனாங்குக்கு வயது இருபத்தாறு. ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம், "போனவன் போகட்டும். பானையை எடுத்துட்டுப் போகலையே" என்றாராம். அடுத்த வாரம் இரண்டு பானைகளோடு கடை போட்டார். அதன்பிறகு மூன்று தடவை புயல் கூரையைக் கொண்டுபோனது. மூன்று தடவையும் மறுநாளே அடுப்பு மூட்டினார்.

போன வருடம் குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் ரெனாந்தே. எங்கள் தீவுக்காரர்தான், துபாய் ஓட்டல்களில் பதினான்கு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். வந்ததும் சட்டம் போட்டார். பானைகள் கண்ணாடிக்குள் இருக்கவேண்டும், மூடியை யாரும் தொடக்கூடாது, வெளிச்சோறு கூடாது. மற்ற கடைக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். அவர் கையெழுத்து இல்லாமல் குளத்தங்கரையில் யாரும் கடை வைக்க முடியாது.

"மூடியில எல்லாரும் கை வைக்கிறாங்க மனாங். வெளியூர்க்காரங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"உள்ள என்ன இருக்குன்னு நினைப்பாங்க. அதுக்குத்தானே திறக்கிறாங்க?"

"கண்ணாடி வழியா தெரியுமே!"

"குழம்பு தெரியும் தோங். வாசனை தெரியுமா?" தம்பி வயதுக்காரர்களை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "கை கழுவிட்டுத் தொடச் சொல்லு, நியாயம். குழாய் வைக்கிறேன். தொடவே கூடாதுன்னா, நான் எதையோ மறைக்கிறேன்னு ஆயிடும்."

மறுநாளே வரிசை தொடங்கும் இடத்தில் குழாயும் சோப்பும் வந்துவிட்டன. ரெனாந்தேவுக்கு அது போதவில்லை. சனிக்கிழமைவரை கெடு வைத்தார். எனக்கு எங்கள் விசயா மொழியும் ஆங்கிலமும் எழுத வரும் என்பதால், 'மூடிகளைத் தொடாதீர்கள்' என்று இரண்டிலும் ஒரு பலகை எழுதித் தரச் சொன்னார். மறுக்கத் தைரியமில்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

மனாங் அதைப் படித்துப் பார்த்தார். என் வயதுப் பெண்களை அவர் இந்தாய் என்று கூப்பிடுவார். "எழுத்து நல்லாருக்கு இந்தாய். குளத்தைப் பார்த்து மாட்டு. மீனாவது படிக்கட்டும்."

பலகையை வேனின் பின்சீட்டில் போட்டுவைத்தேன்.

சனிக்கிழமை ஒரு மணி சுமாருக்கு ரெனாந்தே கோப்போடு வந்தார். காலையிலிருந்து குளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தவர், சாப்பிட்டிருக்கவில்லை. வரிசையில் இருபது பேர் நின்றார்கள். பானைகளின் ஓரமாக நடந்துகொண்டே விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்றாவது விதிக்கு வந்தபோது அவர் கை தன்பாட்டுக்கு நீண்டு ஒரு மூடியைத் தூக்கியது. சுரோல். கோழியும் தேங்காய்ப்பாலும் முருங்கைக்கீரையும் கொதித்த ஆவி அவர் முகத்தில் அடித்தது. குனிந்து முகர்ந்தும்விட்டார்.

ஈரத்தலையோடு நின்ற ஒரு பெண், "சார், கை கழுவினீங்களா?" என்று கேட்டாள்.

வரிசை மொத்தமும் சிரித்தது. ரெனாந்தேயின் காதுமடல் சிவந்தது. மனாங் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தட்டில் சோறும் சுரோலும் வைத்து அவர் முன்னால் நகர்த்தினார்.

"சாப்பிடு தோங். கையெழுத்து போடு, போடாம போ. ஆனா வெறும் வயித்தோட முடிவெடுக்காதே."

அவர் தட்டைத் தொடவில்லை. "கையெழுத்து கிடையாது. திங்கட்கிழமைக்குள்ள காலி பண்ணுங்க."

"திங்கட்கிழமை எதுக்கு?" மனாங் அடுப்பை அணைத்தார். பிறகு மேசைகளைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "நிதானமா சாப்பிடுங்க. முடிச்சவங்க ஆளுக்கொரு பானை தூக்கணும். நம்ம கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகுது."

நீச்சல் உடையில் இருந்த மணிலாக்காரர்கள், துண்டைத் தோளில் போட்ட ஒரு வெள்ளைக்காரர், ஈரத்தலைப் பெண் என்று பானைகளைத் தூக்கிக்கொண்டு குளத்து வாசலைத் தாண்டிப் போனார்கள். எதிரே மனாங்கின் நாத்தனாருடைய கொப்பரைக் களம். அங்கே குத்தகைக்காரரின் சட்டம் செல்லாது. சுரோல் பானையைத் தூக்கியது நான். சூடு உள்ளங்கையைப் பொசுக்கியது, கீழே வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேனை வாசலுக்கு வெளியே நிறுத்தச் சொன்னேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. களத்தில் கூரை இல்லை. ஆட்கள் பானைகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

ரெனாந்தே வாசலிலிருந்து இறங்கி வந்தார். "என்னம்மா, வேன் உள்ளே வராதா?"

"வரும் சார்," என்றேன். "இங்க சாப்பிட்டப்புறம் வரும். இனிமே தினமும் அப்படித்தான்."

மனாங் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூரைக்குக் கம்பம் நடக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்.