எங்கள் இருவருக்கும் ஒரே உம்மா

பல்கலைக்கழகத்தில் மரபணுவியல் படிக்கும் என் மகள், நோன்பு மாதத்தில் கல்முனைக்கு வந்தபோது பை நிறையச் சின்னக் குழாய்கள் கொண்டு வந்தாள். ஆதி மனிதர்கள் எந்த வழியாக இந்த இலங்கைத் தீவுக்கு வந்தார்கள் என்று அவளுடைய ஆய்வுக் குழு தேடுகிறது. அதற்கு எங்கள் எச்சில் வேண்டுமாம். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் ஒரு மரபணுவை அதில் பார்ப்பார்களாம்.

எனக்கு அது புதிதாகப் படவில்லை. எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சமும் தாய் வழியில்தான் வருகிறது. என் குடி வேறு, கணவரின் குடி வேறு. ஒரே குடிக்குள் கலியாணம் முடிப்பதில்லை.

சாப்பிட்ட கையோடு எச்சில் எடுக்கக் கூடாது என்பதால், நோன்பு திறக்கச் சற்று முன்பு எங்களை உட்கார வைத்தாள். கணவர் என்ன பாடுபட்டும் குழாயின் அடிகூட நனையவில்லை. மகள் குசினிக்குப் போய் மாங்காய் சீவி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நோன்போட இத ஏன் புள்ள காட்டுறாய்?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் வாய் ஊறிவிட்டது. எனக்கும்தான்.

சில மாதங்கள் கழித்து முடிவோடு வந்தாள். எங்கள் இருவருடைய தாய்வழியும் ஒரே பழைய கிளையாம். கணவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப நானும் உன்ட உம்மாவும் ஒரே குடியா? எங்கட கலியாணம் என்னாகும்?"

"வாப்பா, அந்த உம்மா பல்லாயிரம் வருசத்துக்கு முந்தி இரிந்தவ. அதப் பாத்தா கல்முனையில முக்காவாசிப் பேர் கலியாணம் முடிக்க ஏலா."

அவர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு, வள்ளம் வைத்து மீன் பிடிப்பவர் அல்லவா, அவருக்கு வேறொரு கேள்வி வந்தது.

"அவங்க இஞ்ச தோணியிலயா வந்த?"

மகள் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, ஆபிரிக்காவிலிருந்து கரையோரமாக விரலை இழுத்துக்கொண்டு வந்தாள். "நடந்துதான் வந்திரிப்பாங்க. அப்ப கடல் வத்தி, இந்தியாவுக்கும் நமக்கும் நடுவுல தரை இரிந்திச்சு."

ஒரே உம்மாவின் கதையையும், கடலில் நடந்து வந்தவர்களின் கதையையும் அவர் மறுநாள் விடியற்காலையில் கரையில் நின்ற எல்லாருக்கும் சொல்லிவிட்டார். பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் எங்கள் வாசலில் ஒரு கூட்டம்.

"எங்கட எச்சிலயும் எடுக்கச் சொல்லுங்க ராத்தா" என்றார் முன்னால் நின்றவர். மனைவியையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.