பதினாலாம் நம்பர் வீட்டு வீரமலை

அடுத்த அறையில் பிரின்டர் கிறீச்சிட்டது. வீரமலையின் அவசர ஆபரேஷனுக்கு ரத்தம் கேட்கும் சீட்டு அச்சாகிக்கொண்டிருந்தது.

பாலக்கரை இருதயமேரி அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் நோயாளிகள் பதிவேடு எழுதியவள். எண்பத்தாறில் கம்ப்யூட்டர் வந்தபோது, ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு விழாமலிருக்க வழி சொன்னதும் அவள்தான். பெயர் திரும்ப வரலாம், ஊர் வரலாம், கதவு எண்ணும் வரலாம். மூன்றும் சேர்ந்து மறுபடி வந்தால் மெஷின் ஏற்கக் கூடாது.

இன்று காலை 'வீரமலை, திருவெள்ளறை, பதினாலு' என்று அடித்தாள். மெஷின் மறுத்தது. பழைய ஆள்தான் என்று, போன வருஷப் பதிவிலேயே ஆபரேஷனைச் சேர்த்துவிட்டாள். ரத்த வகை பி என்று அதில் இருந்தது.

"பயப்படாதீங்க. போன வருஷமும் இங்க வந்து நல்லாகிப் போனவர்தானே?" என்றாள், எதிரே நின்ற அவன் மனைவி வேலம்மாளிடம்.

"அது இவரு இல்லீங்க. சின்ன மாமனாரு மகன். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அவங்கவங்க பிள்ளைக்குத் தாத்தா பேரையே வச்சுட்டாங்க. ஒரே வீடு. பேரைச் சொன்னா ரெண்டு பேரும் திரும்புவாங்க. இவரு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறதே இன்னிக்குத்தான்."

இருதயமேரி சட்டென்று எழுந்தாள். பிரின்டர் சத்தம் நின்றிருந்தது. ஓடிப் பார்த்தாள். சீட்டை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

'மாதாவே, அந்த உயிரைக் காப்பாத்து!' செருப்பு கழன்றது. மாடிப்படியில் முட்டி இடித்தது. தியேட்டர் வாசலில் நர்ஸ் கையில் ரத்த பாட்டில்.

"ஏத்தாதீங்க! அது வேற வீரமலை!"

அவன் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். அவனுக்கு ஓ வகை.

சாயங்காலம் வேலம்மாள் வந்தாள். "கண்ணு முழிச்சுட்டாருங்க. நீங்க ஏங்க அப்படி ஓடுனீங்க?"

மறைத்திருக்கலாம். இருதயமேரியால் முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வேலம்மாள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்கப்பா பேரையும் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"மாமனாரு பேரை நான் வாயால சொன்னதே இல்லீங்க." வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அடைக்கலம். எழுதிக்குங்க. இனிமே எல்லாரையும் கேளுங்க."

வீரமலை பெயருக்குப் பக்கத்தில் இருதயமேரி எழுதிக்கொண்டாள்.

வேலம்மாள் கதவருகே நின்றாள். "ஆஸ்பத்திரியில போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாது. அவருகிட்ட போறேங்க."

கதவு சாத்திக்கொண்டது.