ஸ்கேட்டிங் ரிங்க்கில் இன்னொருத்தி

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது எனக்கு. விழுந்தது நான். உடைந்தது என் கை. பள்ளியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

நான் நிவேதிதா. வீடு கொரட்டூரில். ஸ்கேட்டிங் கோச். போன ஆண்டு ஜூனில் கிருஷ்ணப்பிரியா போன் செய்தாள். கல்லூரியில் என் பக்கத்து இருக்கைக்காரி. என் அம்மா இறந்தபோது காரியம் முடியும்வரை கூடவே இருந்தவள். ஆவடி தாண்டி, கோவில்பதாகைக்கு அந்தப் பக்கம் ஒரு இன்டர்நேஷனல் பள்ளி. அங்கே விளையாட்டு, சுற்றுலா எல்லாவற்றுக்கும் அவள்தான் பொறுப்பு.

"எங்க ஸ்கேட்டிங் மிஸ் கல்யாணமாகி துபாய் போயிட்டாங்கடி. நீ வந்துடு. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே போய்ச் சேர்ந்தேன்.

பள்ளியில் நீச்சல்குளம் உண்டு, வில்வித்தை உண்டு, குதிரைகூட உண்டு. ரிங்க், பஸ்கள் நிற்கும் இடத்தை ஒட்டி இருந்தது. வழவழவென்று நல்ல தரை. ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு விசித்திரமாகப் பட்டது. கிருஷ்ணப்பிரியா ரிங்க்குக்குள் காலே வைக்க மாட்டாள். கம்பிக்கு வெளியே நின்றுதான் பேசுவாள். "பஸ் எல்லாம் கிளம்புற வரைக்கும் நீ ஓட்டிக்கிட்டே இரு. பசங்க பார்த்துக் கத்துக்கட்டும்" என்பாள். நானும் ஓட்டுவேன்.

ஆகஸ்டில் ஒருநாள், விஷால் என்ற ஒன்றாம் வகுப்புப் பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"மிஸ், அந்த அக்கா ஏன் எப்பவும் உங்க பின்னாடியே வர்றாங்க?"

"எந்த அக்கா?"

அவன் என் தோளுக்குப் பின்னால் பார்த்தான். ஷூவைக் கழற்ற உட்கார்ந்துவிட்டான்.

கிருஷ்ணப்பிரியாவிடம் சொன்னேன். சிரித்தாள். "சின்னப் பசங்க ஆயிரம் சொல்லும். விடு."

நவம்பர் வந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பறவை பார்க்கப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போனார்கள். பெரிய வகுப்புகளுக்கு அன்று விடுமுறை. பள்ளியே வெறிச்சோடிக் கிடந்தது. கிளம்பலாம் என்று பையை எடுத்தபோது மணி ஐந்து நாற்பது. போன் அடித்தது. பிள்ளைகளோடு போயிருந்த கிருஷ்ணப்பிரியா.

"செங்குன்றத்துல டிராஃபிக்டி. இப்பதான் தாண்டினோம். நாங்க வர்ற வரைக்கும் போயிடாத."

"பசங்களே இல்லையே. நான் எதுக்கு?"



"எனக்காக இரு. ரிங்க்லயே இரு."

இருந்தேன். மழை விட்டு, தரை காய்ந்திருந்தது. ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் தேங்கியிருந்தது. அதைத் தொடாமல் சுற்ற ஆரம்பித்தேன். இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட்டேன்.

சர்ர்... சர்ர்... என் சக்கரச் சத்தம்.

அதற்குள் இன்னொன்று.

சர்ர்... டக். சர்ர்... டக்.

நின்றேன். அது நிற்கவில்லை. அரைச் சுற்று வந்து, என் முதுகுக்குப் பின்னால் நின்றது.

திரும்பினேன். யாரும் இல்லை.

தரையைப் பார்த்தேன். தேங்கிய தண்ணீரிலிருந்து ஈரமான சக்கரத் தடம் ஒன்று கிளம்பி வந்திருந்தது. நான் அந்தத் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை.

தடம் என் குதிகாலில் வந்து முடிந்தது.

வாசலை நோக்கி நகர்ந்தேன்.

அப்போது முதுகில் ஒரு கை பட்டது. புதிதாகக் கற்பவர்களை நாங்கள் தள்ளிவிடுவோமே... அப்படி ஒரு கை. சில்லென்று.

தள்ளியது.

பிரேக் பிடிக்கவில்லை.

இன்னும் வேகம்...

இரும்புக் கம்பம் நேராக வந்தது.

பக்கவாட்டில் விழுந்தேன். என் கை உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

பள்ளிக்குப் புதிதாக வந்த செக்யூரிட்டி துலுக்கானம் ஓடி வந்தார்.

"இன்னா மிஸ், இப்டி உயுந்துட்டீங்க. அந்த இன்னொரு மிஸ்ஸு எங்க?"

"யாரு?"

"உங்க முதுவாண்ட கை வச்சி தள்ளிக்கினு வந்தாங்களே. கேட்டாண்ட அவங்கள பாக்கவே இல்லியே நானு..."

அந்த நேரத்தில் பஸ் வந்தது. கிருஷ்ணப்பிரியா இறங்கினாள். என்னை முதலில் பார்க்கவில்லை. ரிங்க்கைப் பார்த்தாள். அவசர அவசரமாகப் பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைத்தாள். கடைசிப் பிள்ளை போன பிறகுதான் கம்பி ஓரம் வந்தாள். அப்போதும் உள்ளே வரவில்லை.

மறுநாள் ஆவடி ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"உனக்குத் தெரியும்தானே?" என்றேன்.

"துபாய்க்கு யாரும் போகலடி. நீ வர்றதுக்கு முந்தின டிசம்பர்ல அந்த மிஸ் அதே ரிங்க்ல விழுந்து செத்துட்டாங்க." குரல் நடுங்கவே இல்லை. "அப்புறம் பஸ்கிட்ட யாரோ நிக்கறாங்கன்னு பசங்க சொல்ல ஆரம்பிச்சுது. ஒரு பொண்ணை யாரோ தள்ளி விட்டு மண்டை உடைஞ்சுது. பெரியவங்க யாராவது ரிங்க்ல ஓட்டிக்கிட்டு இருந்தா அது பசங்ககிட்ட வர்றதில்ல."

"அதுக்கு நானா?"

"வேற யாரா இருந்தாலும் நாலு இடத்துல விசாரிச்சிருப்பாங்க. நான் கூப்பிட்டா நீ எதுவும் கேக்க மாட்டேன்னு தெரியும்."

கையில் அவ்வளவு வலி. அந்த ஒரு நிமிடம் அது தெரியவே இல்லை.

"ஆப்பிளை எடுத்துட்டுப் போ" என்றேன். எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவளோடு நான் பேசவில்லை.

இந்த மார்ச்சில் கொரட்டூர் ஸ்டேஷனில் விஷாலையும் அவன் அம்மாவையும் பார்த்தேன். ஸ்கேட்டிங் வகுப்பு நடக்கிறதா என்று கேட்டேன்.

"சூப்பரா நடக்குது மிஸ். கிருஷ்ணப்பிரியா மிஸ்ஸே எடுக்கறாங்க. என்னா வேகம் தெரியுமா? திரும்பிப் பாக்காம ரிவர்ஸ்லயே ஓட்டறாங்க" என்றார் அந்த அம்மா.

விஷால் மெதுவாகச் சொன்னான். "அவங்க எங்ககிட்ட பேசவே மாட்டாங்க. ஓட்டிக்கிட்டே இருப்பாங்க. நாங்க பஸ் ஏறினப்புறமும்..."

ரயில் வந்தது. அவர்கள் ஏறிப் போனார்கள். நான் ஏறவில்லை.

கல்லூரி இரண்டாம் ஆண்டில் பாடி மேம்பாலத்தில் கிருஷ்ணப்பிரியாவின் ஸ்கூட்டர் லாரியில் மோதியது. அன்றிலிருந்து அவளுக்கு வலது முட்டி மடங்காது. மாடிப்படிகூட ஒவ்வொன்றாக, கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவாள்.

வாழ்க்கையில் ஒருநாள்கூட அவள் ஸ்கேட்ஸ் மாட்டியதில்லை.