பூஜையில் வைத்த பாட்டில்கள்

காலை ஆறு ஐம்பதுக்கு, துபாயின் அல் கூஸ் பகுதியில் எங்கள் கிடங்கின் ஷட்டர் பாதி உயர்ந்தபோது முதலில் தெரிந்தது, ஃபோர்க்லிஃப்டின் முன்சக்கரங்களுக்கு அடியில் இருந்த இரண்டு எலுமிச்சம்பழங்கள். அதற்குப் பின்னால் மேசைமீது வைன் பாட்டில்கள் வரிசையாக நின்றன. எல்லாம் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றின் தோளிலும் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

சந்தனத்தையும் குங்குமத்தையும் எப்படியாவது விளக்கிவிடலாம். பளபளப்பை விளக்க முடியாது.

சென்னையில் ஒரு நாளிதழில் பல வருடம் துணை ஆசிரியராக இருந்துவிட்டு, துபாயில் மது இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனிக்கு விலைப்பட்டியலும் விளம்பரமும் எழுத வந்தவன் நான். அந்த பாட்டில்கள் வந்த தோட்டத்தைப் பற்றி, அதைப் பார்க்காமலே இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ஐரோப்பாவில் ஓர் ஆற்று வளைவுக்கு மேலே மலைச்சரிவு. துறவிகள் கல்சுவர் அடுக்கி, படிப்படியாகத் திராட்சை நட்ட இடம். இயந்திரம் ஏறாது. அறுவடைக்குப் போகிறவர்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். மண் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. கறுப்புக் கல் சில்லுகள்தான். பகலில் வாங்கிய சூட்டை அவை இரவு முழுக்கக் கொடிகளுக்குத் திருப்பித் தருகின்றன. அதனால்தான் அவ்வளவு குளிரான ஊரில் அவ்வளவு கறுத்த சிவப்பு வைன் கிடைக்கிறது என்று எழுதியிருந்தேன்.

தோட்டத்தின் சொந்தக்காரர் ஒரு பெண்மணி. அன்று மாலை ஹோட்டல் ஒன்றில் அவருக்கு விருந்து. நகரத்தின் பெரிய ஹோட்டல்களுக்கு மது வாங்குபவர்கள் எல்லாரும் வருவதாக இருந்தது. அதற்காகத் தன் நிலவறையிலிருந்து பழைய வருடத்து பாட்டில்களை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். பல பத்தாண்டுகள் இருட்டில் படுத்துக் கிடந்தவை. மேலே சாம்பல் நிறப் பூசணம் கம்பளி போலப் படர்ந்திருந்தது. அந்தக் குடும்பம் அதை ஒருபோதும் துடைப்பதில்லை, அதுவே வயதுக்குச் சாட்சி என்பது என் இரண்டாம் பக்கத்தின் கடைசி வரி.

கிடங்குப் பொறுப்பாளர் முதுகுளத்தூர் பக்கத்துக்காரர். அவர் கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் ஒரு பாட்டில் வாசலைத் தாண்டாது. அவரே ஒரு சொட்டு குடித்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் அவர் தங்கை மகளுக்குக் காதுகுத்து. குழந்தைக்கு அவர் ஒருவர்தான் தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கொழும்பு வழியாகத் திருச்சிக்கு வெள்ளிக்கிழமை டிக்கெட் போட்டு, சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பாஸ்போர்ட் மட்டும் மேனேஜரின் பெட்டகத்தில் இருந்தது. மேனேஜர் லெபனான்காரர். விருந்து நன்றாக முடிந்தால் பாஸ்போர்ட், இல்லையென்றால் லீவு மாஃபி, கிடையாது என்று சொல்லியிருந்தார்.

என்ன நடந்தது என்று பொறுப்பாளரிடம் கேட்டேன்.

"ஆயுத பூஜை சார். ஆபீஸ் தொறக்கங்குள்ள கும்பிட்டு முடிச்சிட்டோம்" என்றார். "பொட்டியத் தொறந்தா ஒரே பூசணம். அந்தம்மா வந்து பாத்தா, நம்ம குடோன்ல வச்சுத்தான் கெட்டுப்போச்சும்பாக. விருந்தாளி வர்ற எடத்துல ஒட்டடையா? நேத்துச் சாயங்காலம் மூணு பேரு உக்காந்து சோப்புப் போட்டுத் தேச்சுட்டோம்."

பழைய லேபிள்கள் சில தண்ணீரில் உரிந்துவிட்டன. அவற்றை ராத்திரி ஃபேன் காற்றில் காயவைத்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தார்கள். எது எந்த பாட்டிலில் இருந்தது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

பூசணத்தின் மதிப்பை நான் சொன்னேன். பிறகு லோடிங் ஆட்களில் ஒருவர், "தூசிதானண்ணே வேணும்? வெளிய மலையாக் கெடக்கு" என்றார். உண்மைதான். அடுத்த ஷெட்டில் மார்பிள் அறுக்கிறார்கள். அவர் ஒரு டப்பா நிறையப் பொடியுடன் திரும்பி வந்து முதல் பாட்டிலை எடுக்கக் கை நீட்டியபோது, பொறுப்பாளர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாதடா. பூஜையில வச்சது."

அப்போதுதான் எனக்கு இரண்டாவது பிரச்சினை உறைத்தது. பூஜையில் வைத்ததை அன்று எடுத்துப் புழங்கக்கூடாது. மறுநாள் விஜயதசமிக் காலையில் சூடம் காட்டிய பிறகுதான் கை வைக்க வேண்டும். விருந்தோ அன்று மாலை.

மேனேஜர் ஒன்பது மணிக்கு வந்தார். பாட்டில்களைப் பார்த்துவிட்டு ஒரு காலிப் பெட்டிமேல் உட்கார்ந்தார். யார் யாரைத் திட்டினார் என்பதை விட்டுவிடுகிறேன், அரபியில் திட்டினார். முடித்ததும், யல்லா, வண்டியில் ஏற்றுங்கள் என்றார்.

யாரும் அசையவில்லை. வேன் ஓட்டுபவர் பெஷாவர்க்காரர், தொழுகை தவறாதவர். ஓட்டுவார், சரக்கைத் தொடமாட்டார். அது எல்லாரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு. அவர் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, இத்தனை வருடமாக நான் ஒருவன்தான் தொடாமல் இருந்தேன், இன்றைக்கு நீங்களும் சேர்ந்துகொண்டீர்களா பாய் என்று இந்தியில் கேட்டார். அந்தக் காலையில் சந்தோஷமாக இருந்தவர் அவர் ஒருவரே.

நானே தூக்குகிறேன் என்று மேனேஜர் கோட்டைக் கழற்றினார். தூக்கலாம். ஆனால் அனுமதித் தாளில் கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் மதுவை ரோட்டில் கொண்டுபோனால் போலீஸ் பிடிக்கும். முத்திரையும் பேனாவும் வாழைப்பழத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தன, பொட்டுடன். மேனேஜர் தன் பேனாவை நீட்டினார்.

பொறுப்பாளர் அதை வாங்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்னிக்கு எழுத்து வேலை ஆகாது சார். சோறு போடுற பொருளுக்கு வருஷத்துல ஒருநாத்தான் ஓய்வு. காலையில வெடிஞ்சதும் மொத கையெழுத்தா இதையே போட்டுத் தர்றேன்னு சொல்லுங்க."

சொன்னேன்.

"கலாஸ்" என்றார் மேனேஜர், முடிந்தது என்ற அர்த்தத்தில். "லீவு மாஃபி."

பொறுப்பாளரின் முகம் மாறவில்லை. கை மட்டும் சட்டைப் பைக்குப் போய், டிக்கெட்டைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது.

தோட்டத்துப் பெண்மணி பத்து மணிக்கு வந்தார். எழுபது வயது இருக்கும். சமதரையிலும் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் இருப்பதுபோல நடந்தார். மேனேஜருக்குப் பரிசாகக் கைப்பையிலிருந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்துக் கொடுத்தார். அவர் மலையின் கல். மேனேஜர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தார். அம்மையார் மேசைப் பக்கம் திரும்பி ஒரு பாட்டிலை எடுக்கப் போனார்.

"மேடம், நோ டச்" என்றார் பொறுப்பாளர்.

தன் வைனைத் தொடாதே என்று அவரிடம் யாரும் அதுவரை சொல்லியிருக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டார். நான் விளக்கினேன். எதுவரை என்று கேட்டார். நாளைக் காலை என்றேன். அவர் சிரிக்கவில்லை. தங்கள் மலையிலும் குளிர்காலத்தில் திராட்சைத் தொழிலாளிகளின் புனிதருக்கு ஒருநாள் உண்டு, அன்று யாரும் கவாத்துக் கத்தியைத் தொடுவதில்லை என்றார். அவர் தாத்தா ஒருமுறை தொட்டாராம். அந்த வருடம் ஆலங்கட்டி மழை ஒரு கொத்தைக்கூட விட்டுவைக்கவில்லையாம். குடும்பத்தில் இன்னும் தாத்தாவைத் திட்டுகிறார்கள் என்றார்.

பிறகு சிரமப்பட்டு முழங்காலிட்டு, ஒரு டார்ச் கேட்டு வாங்கி, தொடாமலே ஒவ்வொரு பாட்டிலுக்கும் பின்னால் வெளிச்சம் காட்டினார். உள்ளே வண்டல் கலங்கி மிதந்தது. தேய்த்த தேய்ப்பில் அடியில் படிந்திருந்ததெல்லாம் மேலே வந்துவிட்டது. இன்று திறந்தால் சேறு குடிப்பதுபோல இருக்கும், இவை அசையாமல் நிற்க வேண்டும், இன்றைக்கு ஏற்கெனவே ஹோட்டலுக்குப் போய்விட்ட இளம் வைனை ஊற்றுவோம், பழையதை நாளை மதியம் திறப்போம் என்று மேனேஜரிடம் சொன்னார். எந்த வருடம் எது என்பது கார்க்கில் பதிந்திருக்கிறது, லேபிளைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றார்.

எழுந்ததும், கழுவியது யார் என்று கேட்டார். மூன்று பேர் கை தூக்கினார்கள். நன்றாகக் கழுவியிருக்கிறீர்கள் என்றார். அது பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று மாலை இளம் வைனை நானும் குடித்தேன். நாவல்பழம், மிளகு, கடைசியில் மழை நனைத்த கல்லின் வாசனை. நான் எழுதியிருந்த இரண்டு பக்கத்தில் இவை மூன்றும் இல்லை. பழைய வைன் ஏன் வரவில்லை என்பதை மேனேஜர் ஒவ்வொரு மேசையாகப் போய் விளக்கினார். முதல் மேசையில் அது கிடங்கு ஊழியர்களின் விடுமுறை. கடைசி மேசைக்குப் போவதற்குள் தெய்வக் கட்டளை ஆகியிருந்தது. மறுநாள் மதியம் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். வழியில் இரண்டு பாட்டில்களில் குங்குமம் உதிர்ந்துபோயிருந்தது. அவை அசல்தானா என்று ஒரு ஹோட்டல்காரர் சந்தேகப்பட்டார்.

அதற்கு முன், விடிந்ததும் பொறுப்பாளர் சூடம் காட்டி, பேனாவைக் கண்ணில் ஒற்றி, முதல் கையெழுத்தைப் போட்டிருந்தார். மதிய விருந்திலிருந்து திரும்பிய மேனேஜர் பெட்டகத்தைத் திறந்து, பாஸ்போர்ட்டை அவர் முன்னால் வைத்து, கலாஸ், போ என்றார்.

காதுகுத்தைப் பற்றி என்னிடம் கேள்விப்பட்ட அம்மையார் குழந்தைக்கு எத்தனை வயது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அது பிறந்த வருடத்து வைன் ஒரு பாட்டிலைக் கொடுத்தார். இருட்டில் படுக்கவைக்க வேண்டும், துடைக்கவே கூடாது, கல்யாணத்தன்று திறக்க வேண்டும். மூன்றையும் நான் தமிழில் சொன்னேன். பொறுப்பாளர் மூன்றையும் திருப்பிச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து நடந்தது. மாமன் சீர்த் தட்டுகளில் ஒன்றில் பழங்களுக்கு நடுவில் அந்த பாட்டில் இருப்பதைப் புகைப்படத்தில் பார்த்தேன்.

இப்போது அது தங்கை வீட்டு நெல் குதிருக்குள் இருக்கிறது. வருடம் தவறாமல் ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுகிறார்கள்.