பின்கதவைத் திறக்காதவர்

என் தாய்மாமாவுக்கு முன்பற்கள் இரண்டு கிடையாது. ஒன்றை ஒரு பால் வண்டிக்காரர் ஜாக்கிக் கம்பியால் பெயர்த்தார். இன்னொன்றை ஒரு டாக்சிக்காரரின் மனைவி பூட்டை எறிந்து உடைத்தாள். தவணை தவறிய வண்டிகளைப் பைனான்ஸ் கம்பெனிக்காகத் தூக்கி வருவது மாமாவின் வேலை. ஊரில் அவருக்குப் பெயர் 'கள்ளச்சாவி'.

வட்டி ஏறியதாகச் செய்தியில் சொன்னால் சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

"விலைவாசியக் குறைக்கத்தான் வட்டிய ஏத்துறாங்களாம்க்கா. மூணு மாசத்துல எனக்கு வேலை குவியும் பாரு."

"ஊரான் வயித்துல அடிச்சுத் திங்கிற உனக்குச் சிரிப்பு வேற," என்பாள் அம்மா.

அந்த வருடம் வட்டி நான்கு முறை ஏறியது. அதோடு எங்கள் வீட்டுக் கடனின் தவணையும் ஏறியது. அப்பா தவணைக்கு வாங்கிய சொந்த வேனில் ஒரு கடைக்காகக் கட்டிலும் பீரோவும் ஏற்றிப் போகிறவர். கடன் வாங்கிக் கட்டில் வாங்குகிறவர்கள் தரையில் படுக்கப் பழகிவிட்டதால், அவருக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் ஓட்டம். வீடு போனால் தெருதான் என்று வீட்டுக்கு மட்டும் கட்டினார். வேனுக்குக் கட்டவில்லை. மூன்றாம் மாதம் வேன் எண் மாமாவின் பட்டியலில் வந்தது.

மாமா மறுத்தால் வேறு ஆட்கள் போவார்கள். அவர்கள் முதலில் முழங்காலில் அடிப்பவர்கள். அப்பா மேல் கை படாமல் தானே எடுத்துவிடலாம் என்று மாமா யாரிடமும் சொல்லாமல் கிளம்பினார்.

அவர் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பின்கதவைத் திறந்து பார்க்க மாட்டார். பார்த்தால், உள்ளே இருந்த சரக்கு எங்கே என்று பிறகு பழி வரும்.

நண்பகலில் ஒரு வீட்டு வாசலில் வேன் நின்றது. தூறலுக்காகப் பின்கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டு, அப்பா இரும்பு பீரோவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கயிறு அவிழ்ந்ததும் வண்டி நகர்ந்தது. அப்பா தகரத்தில் குத்திக் கத்தினார். துரத்தி வருகிறவர்கள் வண்டியைத் தட்டுவது மாமாவுக்குப் பழக்கம்தான். இன்னும் வேகமாக மிதித்தார். முதல் வளைவில் பீரோ அப்பாவின் இடுப்பின் மேல் சாய்ந்தது. மூன்றாவது தெருவில்தான் அலறலுக்கு நடுவே வந்த வசவை மாமா கண்டுகொண்டார். அது எங்கள் வீட்டில் அவருக்கென்றே ஒதுக்கி வைத்திருந்த வசவு.

மருத்துவமனைக்கு அவரேதான் கொண்டுவந்து சேர்த்தார். அம்மா செருப்பைக் கழற்றினாள்.

"கூடப் பிறந்தவனாடா நீ? அட்டைகூட வயிறு ரொம்பினா விட்டுரும்டா!"

உதடு கிழிந்து ரத்தம் வரும்வரை மாமா தலையைக் குனிந்து கொடுத்தார். நடுவில் கம்பெனியிலிருந்து போன் வந்தது.

"வண்டி தர மாட்டேன்," என்றார்.

கம்பெனி ஆட்கள் ஐந்து பேர் வந்தார்கள். மருத்துவமனை வாசலில் வீல் ஸ்பேனரோடு மாமா வேனை மறித்து நின்றார். ஒருவனுடைய தோள் எலும்பு உடைந்தது. இன்னொருவனின் காது தொங்கியது. பிறகு அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். சாவியைப் பொத்தி விடாமல் பிடித்த இரண்டு கைகளையும் வேன் கதவின் இடுக்கில் வைத்து அறைந்து சாத்தினார்கள், இரண்டு முறை. நான் மருத்துவமனைக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். விரல்கள் விரிந்தன. வேன் போய்விட்டது.

அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில்தான் மாமாவுக்குக் கிடைத்தது. இரண்டு நாள் அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியே வைத்திருந்தார். மூன்றாம் நாள் அம்மா கஞ்சியோடு வந்து அப்பாவின் பக்கம் உட்கார்ந்தாள். மாமா கட்டுப் போட்ட கைகளை மார்பில் வைத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல அவனுக்கு ஊட்டு," என்றார் அப்பா. "நான் படுத்துக்கிட்டே என் கையால தின்னுக்குவேன். அந்த நாய்க்கு ரெண்டு கையும் வீங்கியிருக்கு."