உலக்கைத் தராசு

எங்கள் அத்தை சுடும் அதிரசத்தைக் குறை சொல்ல ஆள் பிறக்கவில்லை என்று தென்காசியில் பேச்சு. அந்தப் பேச்சை ஆரம்பித்ததே அத்தைதான். அவள் அப்பாவின் அக்கா. அம்மா போனபிறகு தன் மகளோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அப்பா செங்கோட்டையிலிருந்து சித்தியைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம் ஆகியும் அத்தை அவளை அடுப்பைத் தொடவிடவில்லை. செங்கோட்டை அப்போது திருவாங்கூர் சீமை. "மலையாளத்துக் கைப்பக்குவம் நமக்கு ஒத்து வராது" என்பாள். சித்தி அரைத்துக் கொடுத்துவிட்டு அடுக்களை வாசலோடு நின்றுகொள்வாள்.

குற்றாலச் சாரல் தென்காசிவரை அடித்த ஆனியில் அத்தை மகளுக்கு நிச்சயம் வைத்தார்கள். வழக்கமாக அரிசியை அத்தை படியால் அளப்பாள். அதற்கு வேண்டிய வெல்லத்தைக் கடைக்காரர் நிறுத்துத் தருவார். இந்தத் தடவை ராயகிரி உறவினர் ஒரு பெட்டி மண்டை வெல்லம் கொடுத்தனுப்பியிருந்தார். எடை தெரியாது. அத்தை அதைப் பொடித்து, படியிலேயே அமுக்கி அமுக்கி அளந்து பாகு காய்ச்சினாள். எண்ணெயில் போட்ட முதல் அதிரசம் பிரிந்து சட்டியெல்லாம் பரவியது. அடுத்ததும் அப்படியே. நிச்சயத்துக்குச் சுடும் அதிரசம் பிரிந்தால் சம்பந்தம் நிலைக்காது என்று நினைக்கிற ஊர். அத்தை கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சித்தி வாசலில் நின்றபடி மெதுவாகச் சொன்னாள்: "மயினி, பொடிச்ச வெல்லம் படிக்குச் சரிவராது. அமுக்குனா ஒரு அளவு, அமுக்காட்டா ஒரு அளவு. தூக்கித்தான் பாக்கணும். அரிசி எடையில முக்கா எடை போதும்."

"தராசுக்கு எங்கன போவ? ஆத்துல வெள்ளம் வந்து கெடக்கு, கடைப்பக்கம் போவ முடியாது."

சித்தி உலக்கையின் நடுவில் கயிறு கட்டி ஊஞ்சல் கொக்கியில் தொங்கவிட்டாள். இரண்டு முனையிலும் ஓலைப்பெட்டிகள். பூண் போட்ட முனை தாழ்ந்தது. மறுபெட்டியில் கூழாங்கற்களைப் போட்டுச் சமமாக்கினாள். பிறகு, ஊறப்போடாத புது அரிசியை நாலு சம பங்காக அளந்தாள். ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றையும் ஒரு பெட்டியில் கொட்டி, எதிர்ப்பெட்டியில் வெல்லத்தைப் போட்டுக்கொண்டே வந்தாள். உலக்கை ஆடி ஆடி நேராக நின்றபோது, அம்மாடி, எனக்குப் புல்லரித்துவிட்டது. என்ன மூளை அவளுக்கு! அந்த வெல்லத்தில் சுட்ட அதிரசம் ஒன்றுகூடப் பிரியவில்லை.

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் தாயார் அதிரசத்தைப் புகழ்ந்தார். அத்தை கூசாமல், "எல்லாம் என் கையளவுதான்" என்றாள். நான் உள்ளதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சித்தி என் தொடையில் நறுக்கென்று கிள்ளிவிட்டு, "ஆமா, மயினி அளவுதான்" என்றாள்.

விருந்தாளிகள் போனதும் அத்தை சித்தியைக் கூப்பிட்டாள். முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "ஏட்டி, நாளையிலேருந்து நீயே பொங்கு. எனக்கு முடியல."

பேரையும் தட்டிக்கொண்டு, வேலையையும் இவள் தலையில் கட்டிவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. பாவம் சித்தி என்று அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். அழுதுகொண்டே ஏன் சிரிக்கிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.