சந்தனசாமி வார்த்த குண்டுகள்

சந்தனசாமி பிட்டர் காலமான செய்தி, நான் கந்தப்பளையில் பஸ்ஸுக்கு நின்றபோது வந்தது. அவர் மகள்தான் பேசினாள். “அப்பா போயிட்டாருங்க கிளாக்கரய்யா. காலையிலகூட தேத்தண்ணி சூடு பத்தலன்னு திருப்பி அனுப்பினாரு.” அவரை அறிந்தவர்கள் இதை நம்புவார்கள்.

தொண்ணூறுகளில், ராகலைக்கு மேலேயுள்ள தோட்டத்தில் நான் கிளாக்கர். அவர் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். தோட்ட மேலாளரான துரையின் லைசென்ஸ் துப்பாக்கிக்கு ஈயக் குண்டு வார்ப்பதும் அவரே. பழைய தேயிலைப் பெட்டிகளின் ஈயத்தகட்டை உருக்கிப் பத்து வார்த்தால், எட்டைத் திரும்பச் சட்டியில் போடுவார். தேறியதைத் தேயிலை ருசி பார்க்கும் அறையின் சின்னத் தராசில் நிறுப்பார். அந்த அறைக்குப் பொறுப்பான டீமேக்கர் கத்துவார். “ஒங்க தேத்தண்ணி ருசி மாறினா யாரும் சாகமாட்டாங்க. குண்டு நெறை மாறினா பன்னிகூட சாகாது” என்பார் பிட்டர்.

துரையின் அனுமதியோடு வெடிமருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைத்து, ஒவ்வோர் அளவிலும் ஐந்து குண்டு சுட்டுப் பார்ப்பார். ஓட்டைகள் நெருங்கி விழும் அளவைக் கொப்பியில் எழுதிக்கொள்வார்.

ஒரு வருடம் காட்டுப்பன்றிகள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காய்கறிப் பாத்திகளை உழுது தள்ளின. துரை மூன்று வாரம் சுட்டார். பன்றிகளுக்குக் கீறல்கூட இல்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில், எல்லோர் முன்னாலும், “பிட்டர் குண்டு கோணல்” என்றார். பிட்டர் இரண்டு நாள் சோறு தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துரையை மைதானத்துக்கு அழைத்தார். நானும் போனேன். மண்மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்துப் பலகையில் ஐந்து சுட்டார். ஐந்து ஓட்டையையும் ஒரு தீப்பெட்டியால் மூடலாம். அதே குண்டுகளில் துரை ஐந்து சுட்டார். பலகைக்கு ஒன்றுமில்லை.

“அப்ப பிழை எங்க? சொல்லு!”

“குண்டுல இல்லீங்க. சுடுறப்ப தொரை கண்ண மூடுறீங்க. அத நான் உருக்கி வார்க்க முடியாதுங்க.”

பிட்டருக்கு நான் தட்டச்சு செய்யவேண்டிய வேலைநீக்கக் கடிதத்தின் முதல் வரி என் மனதில் ஓடியது.

“ரெண்டு கண்ணுமா?”

“ஒரு கண்ணா இருந்தா நல்லாத்தான் பட்டிருக்கும்ங்க.”

துரை ஒரு வாரம் குண்டில்லாத துப்பாக்கியோடு, கண் மூடாமல் விசை இழுக்கப் பழகினார். அடுத்த வாரம் பன்றி விழுந்தது. மறுநாள் பெரட்டில், “பிழை குண்டில இல்ல, என்னில” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிட்டர் அழுதுவிட்டார். உடனே, “ஆனா அந்தக் குண்டு ரெண்டு விரல் எடது பக்கம்தாங்க பட்டுச்சு” என்றார்.

பல வருடம் கழித்து, இன்னொரு தோட்டத்தில், ஒரு துரையின் பிழையை முகத்துக்கு நேரே சொல்லி நான் வேலையை இழந்தேன். எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். பிட்டர் கேட்டது ஒன்றே ஒன்று. அவரிடமிருந்து நான் வைத்திருப்பதும் அதுதான்:

“சொன்னது சரியாப் பட்டுச்சாங்க?”